தைலம் ஆஸ்பத்திரிக் கிருமியைக் கொல்லுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருமியியல் ஆய்வகத்தில் கிருமி வளர்க்கத் தட்டு வைக்கிற வேலை எனக்கு. வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட யாராவது ஒருவர் கைப்பேசியை நீட்டி, "இதைப் பார், ஐசியூ கிருமியையே கிராம்புத் தைலம் கொன்றுவிடுமாம்" என்பார்கள். அது முழுப் பொய்யாக இருந்தால் ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். பாதி உண்மை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

எசென்ஷியல் ஆயில் என்றால் என்ன? சமையல் எண்ணெய் மாதிரியா?

இல்லை. இதை "அத்தியாவசிய எண்ணெய்" என்று சிலர் தமிழில் எழுதுகிறார்கள். அகராதியை அவசரமாகப் புரட்டினால் அப்படித்தான் வரும். அத்தியாவசியத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, செடியின் எசென்ஸ், அதாவது வாசனைச் சாரம் என்பதுதான் பொருள். இலை, பட்டை, பூ, விதை என எதையாவது நீராவியில் வாட்டி, அந்த ஆவியைக் குளிரவைத்து, தண்ணீரிலிருந்து பிரிந்து நிற்கும் எண்ணெயை எடுத்தால் அதுதான் நறுமண எண்ணெய். நீலகிரியில் யூகலிப்டஸ் இலையை அடைத்துக் காய்ச்சி எடுப்பது இந்த முறையில்தான். தாளில் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். நல்லெண்ணெயும் வேப்பெண்ணெயும் பறக்காது, கறை நிற்கும், அவை வேறு ஜாதி. ஆகவே வேப்பெண்ணெய் பற்றிய கேள்விகளுக்கு இங்கே பதில் இல்லை.

மருத்துவமனைத் தொற்று என்று எதைச் சொல்கிறார்கள்?

ஒருவர் வேறு ஏதோ காரணத்துக்காக அட்மிட் ஆகிறார், வரும்போது இல்லாத தொற்று 48 மணி நேரத்துக்குப் பிறகு தலைகாட்டுகிறது என்றால் அதை மருத்துவமனையில் பிடித்த தொற்று என்று கணக்கில் எழுதுவோம். பெரும்பாலும் நான்கு வழி: சிறுநீர் டியூப், ரத்தக் குழாயில் போட்ட சென்ட்ரல் லைன், வென்டிலேட்டர், அறுவை செய்த காயம். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்ன கணக்கின்படி, வசதியான நாடுகளில் அட்மிட் ஆகும் 100 பேரில் 7 பேருக்கும், நம்மைப் போன்ற நாடுகளில் 15 பேருக்கும் இப்படி ஒரு தொற்றாவது வருகிறது.

கிருமிகளின் பெயர்களையும் சொல்லிவிடுகிறேன், கீழே திரும்பத் திரும்ப வரும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், அதில் மருந்துக்கு அடங்காத வகைக்கு எம்ஆர்எஸ்ஏ என்று பெயர். அப்புறம் கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ். இந்தக் கடைசி மூன்றும்தான் இன்று நம்மூர் ஐசியூக்களின் பெரிய தலைவலி. 2010-இல் என்டிஎம்-1 பற்றி வந்த ஆய்வு நினைவிருக்கலாம். கடைசி நேரத்துக்கென்று வைத்திருந்த கார்பபெனெம் ஆன்டிபயாட்டிக்கையே உடைத்துப்போடும் நொதி அது. அந்த ஆய்வில் சென்னையில் மட்டும் 44 கிருமிகளில் அதைக் கண்டார்கள்.

இந்த எண்ணெய்கள் உண்மையிலேயே பாக்டீரியாவைக் கொல்கின்றனவா?

கொல்கின்றன. இதில் சந்தேகம் வேண்டாம், நானே பார்த்திருக்கிறேன்.

பாக்டீரியாவைச் சுற்றி கொழுப்பால் ஆன மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. எண்ணெயின் மூலக்கூறுகள் தண்ணீரை விடக் கொழுப்பையே விரும்பும் என்பதால் நேராகப் போய் அந்தச் சவ்வுக்குள் புகுந்துகொள்ளும். சவ்வு தளர்ந்துபோய், உள்ளே இருக்கும் பொட்டாசியம் வெளியே கசிய ஆரம்பிக்கும். கிருமி தன் சக்தியைத் தயாரிப்பதே அந்தச் சவ்வின் இரண்டு பக்கமும் உள்ள அயனி வித்தியாசத்தை வைத்துத்தான், அது சமமாகிவிட்டால் கதை முடிந்தது. ஆன்டிபயாட்டிக் பொதுவாக ஒரு குறிப்பிட்ட பூட்டைத் தேடும் சாவி. எண்ணெயோ வீட்டுச் சுவரையே ஊறவைத்து இளக்கும் மழைத் தண்ணீர். அதனால்தான் எம்ஆர்எஸ்ஏ மாதிரி பூட்டை மாற்றிக்கொண்ட கிருமியும் எண்ணெய்க்கு மடிகிறது. ஆனால் மழைக்கு நம் வீட்டுச் சுவர், பக்கத்து வீட்டுச் சுவர் என்ற பேதம் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

எந்த எண்ணெய் பலமானது?

பொதுவாக ஃபீனால் வகைச் சேர்மம் உள்ளவை முன்னால் நிற்கும். நம் ஓமத்தின் எண்ணெயில் தைமால் கிட்டத்தட்ட பாதி, ஆரிகானோவில் கார்வக்ரால், கிராம்பில் 70 முதல் 90 சதவீதம் யூஜினால். லவங்கப்பட்டை எண்ணெயில் சினமால்டிஹைடு, அதுவும் கடுமையான ஆள்தான். எலுமிச்சைப்புல்லில் சிட்ரால், அதற்கு அடுத்து. டீ ட்ரீ எண்ணெய் (தேயிலை அல்ல, ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் எண்ணெய்) நடுவில். யூகலிப்டஸ் அதற்கும் கீழே, லாவெண்டர் இன்னும் கீழே. வாசனை தூக்கலாக இருப்பதற்கும் பலத்துக்கும் தொடர்பில்லை, மூக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

ஓமத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. முதல் உலகப் போருக்கு முன் இந்தியாவிலிருந்து ஓமம் கப்பல் கப்பலாக ஜெர்மனிக்குப் போனது ரசத்துக்கு அல்ல, தைமால் எடுக்கத்தான்.

எல்லாக் கிருமிக்கும் ஒரே மாதிரி வேலை செய்யுமா?

செய்யாது. ஸ்டெஃபைலோகாக்கஸுக்கு டீ ட்ரீ எண்ணெய் 0.25 முதல் 0.5 சதவீதம் இருந்தால் போதும். சூடோமோனாஸுக்கு 1 முதல் 8 சதவீதம் வரை வேண்டியிருக்கிறது. காரணம், சூடோமோனாஸ் போன்ற கிராம்-நெகட்டிவ் கிருமிகளுக்கு வெளியே இன்னொரு சவ்வு உறை மாதிரி இருக்கிறது, எண்ணெய் அதைத் தாண்டித் திணறித்தான் உள்ளே போக வேண்டும், போனதையும் பம்பு வைத்து வெளியே இறைத்துவிடுகிறது. ஆக எந்தக் கிருமிக்கு நம்மிடம் மருந்து குறைவோ அதனிடம்தான் எண்ணெயும் சிரமப்படுகிறது.

ஆன்டிபயாட்டிக்கை விட எண்ணெய் சிறந்தது என்று ஆய்வில் படம் போட்டிருந்ததே?

அந்தப் படம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒரு கண்ணாடித் தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவே சின்னச் சின்ன வட்டத் தாள்களை வைத்திருப்பார்கள். எண்ணெய் ஊறிய தாளைச் சுற்றிப் பெரிய தெளிந்த வட்டம், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊறிய தாளைச் சுற்றிச் சின்ன வட்டம். பார்த்தவுடன் எண்ணெய்தான் ஜெயித்தது என்று தோன்றும்.

தாளில் எவ்வளவு இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஜென்டாமைசின் தாளில் இருப்பது 10 மைக்ரோகிராம். எண்ணெய்த் தாளில் 10 மைக்ரோலிட்டர் சுத்த எண்ணெய் விட்டால் அது எடையில் ஏறக்குறைய 9,000 மைக்ரோகிராம். ஒருவர் கையில் கூழாங்கல், இன்னொருவர் கையில் அம்மிக்கல், அப்புறம் யார் போட்டது பெரிய பள்ளம் என்று பந்தயம்! போதாததற்கு எண்ணெய் அந்தத் தட்டின் ஜெல்லில் சரியாகப் பரவாது, மேலே ஆவியாகிப் பக்கத்துத் தாளின் வட்டத்தையும் கெடுக்கும். அதனால் எண்ணெயைத் தட்டில் வட்டம் பார்த்து மதிப்பிடுவதே சரியில்லை, திரவத்தில் கரைத்து எந்த அளவில் கிருமி வளர்வது நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கணக்கு இன்னும் தெளிவாகும். ஒரு ஸ்டெஃபைலோகாக்கஸ் வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்கும் என்று நாங்கள் ரிப்போர்ட் எழுத, ஒரு மில்லிக்கு 2 மைக்ரோகிராமிலோ அதற்குக் கீழோ அது நிற்க வேண்டும். டீ ட்ரீ எண்ணெய் 0.25 சதவீதம் என்றால் ஒரு மில்லிக்கு சுமார் 2,200 மைக்ரோகிராம். ஆயிரம் மடங்கு. சதவீதத்தில் எழுதும்போது 0.25 என்பது கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் உள்ளுக்குக் கொடுத்து ரத்தத் தொற்றைக் குணப்படுத்த முடியாதா?

முடியாது. பெரியவர் ஒருவருக்கு 5 லிட்டர் ரத்தம் என்று வைத்துக்கொண்டால், 0.25 சதவீதத்துக்கு 12 மில்லிக்கு மேல் எண்ணெய் ரத்தத்தில் இருக்க வேண்டும். மேலே சொன்ன மழைத் தண்ணீர் ஞாபகம் இருக்கிறதா? சிவப்பணுவுக்கும் சவ்வுதான், நரம்பு செல்லுக்கும் சவ்வுதான். கிருமிக்கு முன்னால் நோயாளி போய்விடுவார்.

நோயாளிகளை வைத்து முறையான சோதனை ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. நறுமண எண்ணெய்களிலேயே இந்த விஷயத்தில் ஒழுங்காகப் படித்துப் பாஸானது (சில பேப்பரில் ஃபெயிலும் ஆனது) டீ ட்ரீ எண்ணெய் ஒன்றுதான் என்பேன். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பக்கத்து மரம். பண்ட்ஜலுங் பழங்குடி மக்கள் அதன் இலையைக் கசக்கிக் காயத்துக்குப் போட்டுவந்தார்கள், 1920-களில் ஆர்தர் பென்ஃபோல்ட் என்ற சிட்னி வேதியியலாளர் அதன் எண்ணெய் அந்தக் காலக் கிருமிநாசினியான கார்பாலிக் அமிலத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் வீரியமானது என்று சொல்ல, பிரபலமானது. ஆன்டிபயாட்டிக் வந்ததும் மறந்துபோனார்கள், எம்ஆர்எஸ்ஏ வந்ததும் திரும்பத் தேடினார்கள்.

2004-இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு சோதனை. உடம்பில் எம்ஆர்எஸ்ஏ ஒட்டிக்கொண்டிருந்த 224 நோயாளிகள், நோயாக அல்ல, மூக்கிலும் தோலிலும் சும்மா குடியிருந்த நிலை. ஒரு பாதிக்கு வழக்கமான முறை: மூக்குக்கு முபிரோசின் களிம்பு, குளிக்க குளோர்ஹெக்ஸிடின், புண்ணுக்கு சில்வர் சல்ஃபாடயசின். மறு பாதிக்கு 10 சதவீத டீ ட்ரீ கிரீமும் 5 சதவீத டீ ட்ரீ குளியல் திரவமும். ஐந்து நாள். வழக்கமான முறையில் 49 சதவீதம் பேரிடம் கிருமி போயிருந்தது, டீ ட்ரீயில் 41. மூக்கில் மட்டும் பார்த்தால் முபிரோசின் 78, டீ ட்ரீ 47, இங்கே தெளிவான தோல்வி. ஆனால் தோலிலும் புண்ணிலும் டீ ட்ரீதான் மேலாக இருந்தது. எனக்கு இது மரியாதைக்குரிய முடிவாகவே படுகிறது.

அடுத்தது வட அயர்லாந்து ஐசியூக்களில் நடந்தது, 2013-இல் வெளியானது. இம்முறை கேள்வி, கிருமி ஒட்டாமலே தடுக்க முடியுமா என்பது. 391 பேரில் ஒரு சாராருக்கு டீ ட்ரீ குளியல் திரவம், இன்னொரு சாராருக்குச் சாதாரண பேபி சோப்பு வகை. பேபி சோப்புக்காரர்களில் 11.2 சதவீதம் பேருக்கும் டீ ட்ரீக்காரர்களில் 8.7 சதவீதம் பேருக்கும் புதிதாக எம்ஆர்எஸ்ஏ ஒட்டியது. பார்க்கக் குறைவாகத் தெரிந்தாலும் புள்ளியியல் கணக்கில் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குள்தான், ஆகவே ஐசியூவில் வழக்கமாகப் பயன்படுத்தப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

தட்டில் ஜெயித்தது வார்டில் ஏன் தடுமாறுகிறது?

தட்டில் கிருமி தனியாக, மூடி போட்ட பெட்டிக்குள் 24 மணி நேரம் எண்ணெயோடு அடைபட்டுக் கிடக்கிறது. வார்டில் ரத்தம், சீழ், வியர்வை, புரதம் எல்லாம் இருக்கிறது, எண்ணெயின் பெரும்பகுதி அவற்றோடு ஒட்டிக்கொண்டுவிடும். மிச்சம் ஆவியாகும். டியூபின் உள்சுவரில் கிருமி ஒட்டி வளரும்போது தன்னைச் சுற்றி வழவழப்பான ஒரு போர்வையை நெய்துகொள்ளும், பயோஃபிலிம் என்பது அதுதான், பாசி படிந்த தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதற்குள் இருக்கும் கிருமிக்குத் தனியாக நீந்தும் கிருமியை விடப் பல மடங்கு மருந்து வேண்டும். சில எண்ணெய்கள் ஆய்வகத்தில் பயோஃபிலிமையும் கரைக்கின்றன என்பது நிஜம், ஆனால் நோயாளியின் உடம்பில் செருகியிருக்கும் டியூபுக்குள் அந்த அளவு எண்ணெயை விட யாரும் கை வைக்கமாட்டார்கள். பிளாஸ்டிக்கையே அது இளக்கிவிடலாம்.

அப்போது மருத்துவமனையில் இதற்கு இடமே இல்லையா?

இடம் ஏற்கெனவே இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. வெள்ளை பினாயிலின் அடிப்படை பைன் எண்ணெய், அதாவது ஊசியிலை மரத்தின் நறுமண எண்ணெய். கறுப்பு பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து வருவது, அது வேறு. டெட்டால் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், 4.8 சதவீதம் குளோரோசைலெனால் என்பதற்குப் பக்கத்திலேயே 9 சதவீதம் டெர்பினியால் என்று இருக்கும், பைன் எண்ணெயில் உள்ள சேர்மம்தான் அது, அந்த வாசனையில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. பல் டாக்டர் சொத்தைக்குள் வைக்கும் தற்காலிக சிமெண்டில் கிராம்பின் யூஜினால். லிஸ்டரின் வாய்க்கொப்பளிப்பில் தைமால், மென்தால், யூகலிப்டால். அமெரிக்காவில் தைமாலை மட்டுமே வீரியப் பொருளாக வைத்த தரை, மேசைக் கிருமிநாசினிகள் அரசு அனுமதியோடு விற்கின்றன. எண்ணெய்களின் இடம் இதுதான்: தரை, மேசை, வாய், காயமில்லாத தோல். நரம்பு வழியாக அல்ல.

பினாயில் வாசனை கமகமவென்று வந்தால் வார்டு சுத்தம் என்று நம்பலாமா?

நம்பாதீர்கள். ஒரு மூடி ஊற்ற வேண்டிய இடத்தில் கால் மூடி ஊற்றினாலும் வாசனை வரும். பத்துப் படுக்கைக்கு ஒரே அழுக்குத் தண்ணீர் வாளியில் துடைப்பத்தை முக்கித் துடைத்தாலும் வரும். இன்னும் ஒன்று, நீர்த்த கிருமிநாசினி சும்மா இருக்காது, கிருமிக்குப் பயிற்சி கொடுக்கும். 1997-இல் வெளியான ஒரு ஆய்வில், ஈ.கோலை பாக்டீரியாவைப் பைன் எண்ணெயில் வளர்த்துத் தப்பியவற்றைப் பொறுக்கிப் பார்த்தபோது, அவற்றில் சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் ஓரளவு அடங்காதவையாக மாறியிருந்தன. "இயற்கைப் பொருளுக்குக் கிருமி பழகாது" என்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

வார்டில் டிஃப்யூசர் (எண்ணெயை ஆவியாகக் காற்றில் பரப்பும் கருவி) வைத்தால் காற்றுக் கிருமி போகுமா?

வைக்காதீர்கள். ஆஸ்துமா நோயாளி பக்கத்துக் கட்டிலில் இருப்பார். தண்ணீர் ஊற்றும் எந்தக் கருவியையும் தினம் கழுவாவிட்டால் அதுவே கிருமிப் பண்ணை.

இதற்கு 2021-இல் அமெரிக்காவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். வெவ்வேறு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியாய்டோசிஸ் வந்தது, வெப்பநாட்டு மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் பர்க்ஹோல்டேரியா என்ற கிருமியால் வரும் நோய், அங்கே சாதாரணமாக வராது. நால்வரும் வெளிநாடு போனவர்கள் அல்ல. இரண்டு பேர் இறந்துபோனார்கள், அதில் ஒன்று குழந்தை. தேடித் தேடிக் கடைசியில் பிடிபட்டது, இந்தியாவில் தயாரான ஒரு லாவெண்டர், சீமைச்சாமந்தி (கெமோமில்) நறுமணத் தெளிப்பான். எண்ணெய் கலந்த அந்தப் பாட்டிலுக்குள்ளேயே கிருமி சௌக்கியமாக உயிரோடு இருந்தது!

ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்துக் கொடுத்தால்?

எனக்கு நம்பிக்கை உள்ள பகுதி இதுதான். எண்ணெயின் ஒரு சேர்மம் சவ்வைக் கொஞ்சம் தளர்த்தினால் ஆன்டிபயாட்டிக் உள்ளே போக வழி கிடைக்கும், குறைந்த அளவே போதும் என்பது ஆய்வகத்தில் பல ஜோடிகளில் தெரிந்திருக்கிறது. மருந்துக்கடைக்கு வர நாள் ஆகும். வீட்டில் நீங்களாகச் செய்து பார்க்கும் விஷயம் அல்ல.

அம்மாவுக்கு ஆபரேஷன் தையல் போட்ட இடத்தில் கிராம்புத் தைலம் தடவலாமா?

கூடாது. என் அத்தை ஒருவர், சர்க்கரை நோயாளி, கால் புண்ணுக்கு யாரோ சொன்னார்கள் என்று சுத்தமான கிராம்பு எண்ணெயை நாலு நாள் தடவினார். புண்ணைச் சுற்றி இருந்த நல்ல தோலும் வெந்துபோய், ஒரு ரூபாய் நாணயம் அளவு இருந்தது உள்ளங்கை அளவாயிற்று. அவருக்கு அந்தக் காலில் உணர்ச்சி குறைவு, எரிந்ததே தெரியவில்லை. நல்லவேளை, விரலை எடுக்கும் அளவுக்குப் போகவில்லை. யூஜினால் அதிகமானால் திசுவைக் கொல்லும், பட்டை எண்ணெய் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் பேர்பெற்றது.

குழந்தைகளுக்கு?

யூகலிப்டஸ் எண்ணெயும் கற்பூரமும் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைக்கு வலிப்பு வரலாம், அதற்குச் சில மில்லியே போதும். மென்தால் கலந்த எதையும் கைக்குழந்தையின் மூக்கருகே தடவக் கூடாது, மூச்சுக்குழாய் இறுகும். ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கும் நொதி ஒன்று பிறவியிலேயே குறைவாக இருப்பது) உள்ள குழந்தைக்குக் கற்பூரம் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடலாம். பாட்டிலை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நல்ல எண்ணெயை எப்படித் தெரிந்து வாங்குவது?

செடியின் தாவரவியல் பெயர் பாட்டிலில் இருக்கிறதா என்று பாருங்கள். டீ ட்ரீ என்றால் அதன் முக்கியச் சேர்மமான டெர்பினென்-4-ஆல் எவ்வளவு என்று போட்டிருப்பது நல்லது, சர்வதேசத் தரத்தில் அதற்குக் குறைந்தபட்ச அளவு உண்டு. நிறமுள்ள கண்ணாடி பாட்டில், இறுக்கமான மூடி. திறந்து வருஷக்கணக்கில் ஜன்னலோரம் நின்ற எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து மாறிவிடும், தோல் அரிப்புக்கு அந்தப் பழைய எண்ணெய்தான் பெரும்பாலும் காரணம்.

சரி, நோயாளியோடு கூட இருக்கும் நான் என்னதான் செய்வது?

கட்டில் காலில் தொங்கும் ஆல்கஹால் திரவத்தை நோயாளியைத் தொடும் முன்னும் தொட்ட பின்னும் 20, 30 வினாடி கையில் தேயுங்கள், விரல் இடுக்கும் கட்டை விரலும் சேர்த்து. கை கண்ணுக்கே அழுக்காகத் தெரிந்தாலோ, நோயாளிக்கு வயிற்றுப்போக்கு என்றாலோ சோப்பும் தண்ணீரும், ஏனென்றால் சில கிருமிகள் கெட்டி உறைக்குள் விதை மாதிரி உறங்கும் வடிவம் (ஸ்போர்) ஆல்கஹாலுக்குச் சாகாது, எந்தத் தைலத்துக்கும் சாகாது. சிறுநீர்ப் பை தரையில் படாமல், ஆனால் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும். அப்புறம் தினமும் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், "சார், இந்த டியூப் இன்னும் வேண்டுமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தயங்க வேண்டாம், டியூப் ஒரு நாள் முன்னால் வெளியே வருவதற்கு நிகரான தைலம் இன்னும் காய்ச்சப்படவில்லை.

ராத்திரி முழுக்க வார்டில் உட்கார்ந்து தலைவலி. எனக்காவது கொஞ்சம் யூகலிப்டஸ் தைலம் தடவிக்கொள்ளலாமா?

தாராளமாக. தடவிய கையைக் கழுவிவிட்டுக் கட்டில் பக்கம் போங்கள்.